வயதுக்குச் சாட்சி

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு துண்டு ஆட்டுத்தோல். அதில் பன்னிரண்டு பேருடைய ஞாபகம் எழுதியிருக்கிறது என்றாள் என் மகள் தக்ஷிகா.

இந்த ஆவணக் காப்பகத்தில்தான் அவளுக்கு வேலை. கண்காட்சி தொடங்கிய முதல் சனிக்கிழமையே என்னையும் என் தங்கச்சி சிவகௌரியையும் டூட்டிங்கிலிருந்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வாசலில் நின்ற தன் சிநேகிதிகளிடம், அப்பா சாமியாராகிவிட்டார் என்று என் தாடியைக் காட்டிச் சிரித்தாள். மூன்று மாதத் தாடி. வெஸ்ட் ஈலிங் அம்மனுக்கு நேர்த்தி என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

தோலுக்கு அறுநூறு வயதாம். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பிறப்புப் பதிவு கிடையாது. தகப்பன் இறந்துபோன பிள்ளைக்கு இருபத்தொரு வயதாகிவிட்டது என்று நிரூபித்தால்தான் காணி கைக்கு வரும். அதற்கு ஊரில் பன்னிரண்டு பேர் வந்து சத்தியம் பண்ணவேண்டும். வருடக் கணக்கெல்லாம் அவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. அவரவருக்கு நடந்ததுதான் தெரியும்.

தக்ஷிகா தன் மாமி சிவகௌரிக்காக ஒவ்வொன்றாக வாசித்து விளங்கப்படுத்தினாள். ஒருவன் அன்றைக்குத்தான் தகப்பனைப் புதைத்தானாம். இன்னொருவனின் களஞ்சியம் எரிந்ததாம். வேறொருவன் குதிரையிலிருந்து விழுந்து கால் முறித்தானாம். ஆகவே பிள்ளைக்கு இருபத்தொன்று.

சிவகௌரி கைப்பையை மடியில் வைத்தபடி மர இருக்கையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு கம்பனிக் கந்தோரில் தரை துடைத்துவிட்டு நேரே வந்திருந்தாள். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

அவளுக்கு அறுபத்தேழு வயது. பாஸ்போட்டில் அறுபது. பென்சன் எடுக்க இன்னும் ஏழு வருடம் துடைக்கவேண்டும்.

அந்த ஏழும் என் வேலை.

தொண்ணூறாம் ஆண்டு, லண்டன் மாப்பிள்ளை வீட்டார் இருபத்தாறுக்கு மேல் வேண்டாம் என்றார்கள். இவளுக்கு முப்பத்திரண்டு. புதுச் சாதகம் எழுதுவித்தேன். அதற்கேற்ற மாதிரி ஒரு பிறப்புச் சான்றிதழும் எடுத்தேன். விசாப் பத்திரத்தில், இவையெல்லாம் சரி என்று நானே கையெழுத்து வைத்தேன். எங்கள் ஆட்கள் அதைப் பொய் என்று சொல்வதில்லை. கலியாணம் ஒப்பேற்றுவது என்பார்கள். அவளை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுடைய புருஷன் சாகும்வரை, இருபத்தைந்து வயதுப் பெண்ணைக் கட்டியதாகத்தான் நினைத்திருந்தார். தக்ஷிகாவுக்கும் இது ஒன்றும் தெரியாது.

மூன்று மாதத்துக்கு முன்பு சிவகௌரியும் நானும் அவளுடைய வயதைத் திருத்த வழி கேட்டு ஒரு சொலிசிட்டரிடம் போனோம். ஊர்ப் பதிவேடு சண்டையில் எரிந்துபோயிற்று. அவள் பிறந்ததை நேரில் அறிந்த ஒருவர், எப்படித் தெரியும் என்ற காரணத்தோடு சத்தியக்கடதாசி கொடுத்தால் முயன்று பார்க்கலாம் என்றார். அப்படி உயிரோடு மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான்.

கொடுத்தால், தொண்ணூறில் வைத்த கையெழுத்து பொய் என்று நானே எழுதிக் கொடுத்ததாகிவிடும். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தவன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எழுபத்துமூன்று வயதில், கோயில் சபையில் நாலு பேர் மதிக்க இருக்கிறவனுக்குப் பயம். அந்தப் பயத்துக்கு வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை.

"மாமி, இதில ஃபன்னி என்னெண்டா, கொஞ்சப் பேர் சும்மா சொல்லியிருக்கினம்," என்றாள் தக்ஷிகா. "இதே குதிரை, இதே கால், வேற வேற ஊர்க் கேஸிலயும் வருது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக ஞாபகத்தையே செய்து குடுத்திருக்கினம்."

சிவகௌரி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாயிற்று.

எனக்குக் காது சுட்டது. யாரோ பெற்ற பிள்ளைக்காக அவர்கள் முறியாத காலை முறித்துக்கொண்டு வந்து நின்றிருக்கிறார்கள். நான் பெட்டிக்குள் எதையோ உற்றுப் பார்ப்பதுபோலக் குனிந்தேன். கண்ணாடியில் என் தாடிதான் தெரிந்தது.

"அண்ணை," என்றாள் சிவகௌரி. "நான் பிறந்த அண்டைக்கு உங்களுக்கு ஏதும் நடந்ததோ?"

கதை கேட்கிற பிள்ளை மாதிரித்தான் கேட்டாள். தக்ஷிகாவும் ஆசையோடு என் பக்கம் திரும்பினாள்.

"ஆறு வயசில என்ன தெரியும்? ஒண்டும் ஞாபகமில்லை."

சொன்ன மாத்திரத்தில் வெட்கம் பிடுங்கித் தின்றது. திருப்பி எடுக்க ஒரு கணம் இருந்தது. எடுக்கவில்லை.

எழும்புவதற்கு அவள் என் கையைப் பிடித்தாள். எழுந்த பிறகும் விடாமல் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன்.

"தாடி உங்களுக்கு வடிவாத்தான் இருக்கு அண்ணை. வழிக்காதேங்கோ."

அடுத்த பெட்டிக்குத் தக்ஷிகாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போனாள்.

தாடிக்குள் நாடியில் ஆறு தையல் போட்ட தழும்பு இருக்கிறது. ஐம்பத்தெட்டாம் ஆண்டு, கொழும்புக் கலவரத்துக்குத் தப்பிக் கப்பலேறிய அப்பா காங்கேசன்துறையில் வந்து இறங்கிய அன்று, அம்மாவுக்குப் பிள்ளைப்பேற்று நோக் கண்டது. மருத்துவிச்சியைக் கூப்பிட ஓடிய நான் அவள் வீட்டுக் கிணற்றுக்கட்டில் நாடி அடிபட விழுந்தேன். என் இரத்தத்தைத் துடைத்துக் கட்டிவிட்டுத்தான் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பொழுதுபடுவதற்குள் சிவகௌரி பிறந்துவிட்டாள்.

அம்மா இந்தக் கதையைத் தங்கச்சியின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சொல்வார். சொல்லும்போது என் முகத்தைப் பிடித்து நிமிர்த்தி, அவளுக்கு அந்தத் தழும்பைக் காட்டுவார்.