பன்னிரண்டாவது கெட்டில்

“பதினொண்ணு வந்தாச்சு. பன்னிரண்டாவது யாருகிட்ட இருக்குன்னு இப்பவாவது வாயைத் திறந்து சொல்லுவீங்களா?”

மூச்சு வாங்க மாடிப்படி ஏறிக்கொண்டே கேட்டாள் மனைவி. புதுக் கெட்டில் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு முன்னால் ஏறிய கடைக்காரர், “மூணாவது மாடி. நீயே வந்து பாரு” என்றார்.

அவர்களுடையது வீட்டுச் சாமான் கடை. போன வாரம் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்த மாடல் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும்போது கைப்பிடியில் ஷாக் அடிக்கிறதாம். கடையிலிருந்து போன எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். கடைக்கு வந்ததே ஒரு டஜன்தான்.

வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிறகு பில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவளே போன் போட்டாள். ‘நல்லாத்தானே ஓடுது’ என்று இழுத்தவர்களைக் கெஞ்சினாள், மிரட்டினாள். ஒருவர் வீட்டுக்கு நேரிலேயே போய் ப்ளக்கைப் பிடுங்கி, கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

கடைக்கு வந்த முகம் எதையும் மறக்காதவள் என்று அவளுக்கு ஒரு பெயர் உண்டு. அவளே வைத்துக்கொண்டதுதான். அப்படிப்பட்டவளுக்கு இந்தப் பன்னிரண்டாவது ஆள் மட்டும் பிடிபடாமல் மண்டையைக் குடைந்தது.

“நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்த வாரமா?”

“அந்த வாரம்தான் போச்சு.”

“விலாசம் எப்படிக் கிடைச்சுது?”

“கடை கேமராவுல முகத்தைப் பார்த்தேன். தினமும் நம்ம தெரு வழியாத்தான் தையல் கம்பெனிக்குப் போறாங்க. அங்க விசாரிச்சேன்.”

“நம்ம தெருவா? நான் பார்த்ததே இல்லையே!”

“நம்ம கடை வந்ததும் எதிர்ப்பக்கம் போயிடுவாங்க” என்று சொல்லிக் கதவைத் தட்டினார்.

கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள். முப்பது வயது இருக்கலாம். கடைக்காரரைப் பார்த்ததும் பாதி திறந்த கதவை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

“கெட்டில் விஷயமா வந்தோம்மா” என்றார் அவர்.

“நான் எந்தக் கெட்டிலும் வாங்கலை, சார்.”

அவள் சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. கூடவே ஒரு குழந்தைக் குரல். “அம்மா, தண்ணி கொதிச்சிடுச்சு! நான் எடுக்கட்டா?”

“தொடாதே கண்ணு!” என்று கத்தியவர் கடைக்காரர். அந்தப் பெண் வெலவெலத்துப் போனாள். “பிடியில ஷாக் அடிக்கும்மா. முதல்ல சுவிட்சை அணைங்க, ப்ளக்கைப் பிடுங்குங்க. மத்ததை அப்புறம் பேசலாம்.”

அவள் உள்ளே ஓடினாள். சுவிட்ச் அணைக்கிற சத்தம் கேட்கும்வரை கடைக்காரரின் மனைவிக்கு உயிரே இல்லை. திரும்பி வந்தபோது அந்தப் பெண்ணின் இடுப்பில் நாலு வயதுக் குழந்தை இருந்தது.

“சார், ஆனா... நான் உங்க கடையில வாங்கலை.”

மனைவிக்குப் பொறுக்கவில்லை. “உள்ள கொதிக்குது, வெளிய இல்லைன்னா எப்படிங்க? நாங்க என்ன பிடுங்கிட்டா போகப் போறோம்? பழசைக் குடுத்தா புதுசு தர்றோம். பெத்த பிள்ளையை விடவா ஒரு கெட்டில் பெருசு?”

கடைக்காரர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

“உங்களுக்கு ஞாபகம் இல்லாம இருக்கும்மா. அன்னைக்கு பில்லை வாங்காமலே போயிட்டீங்க. இந்தாங்க.”

அந்தப் பெண் பில்லைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடியும் பில்லைப் பார்த்தாள். நாலு வரி பில்லைப் படிக்க இவ்வளவு நேரமா என்று மனைவிக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தப் பெண் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். உள்ளே போய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கெட்டிலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

இனி யார் கைக்குப் போனாலும் ஓடக்கூடாது என்று கடைக்காரர் அங்கேயே கட்டிங் பிளேயரால் ஒயரை வெட்டினார். புதுப் பெட்டியை நீட்டினார். அவள் கை வரவில்லை. குழந்தைதான் தாவி வாங்கிக்கொண்டது.

“சார், இது...”

“கம்பெனி குடுக்குது, நான் இல்லை. பில்லைப் பத்திரமா வச்சுக்கங்க. ஏதாவது கோளாறுன்னா தைரியமா கடைக்கு வாங்க.”

கதவு சாத்தியதும் மனைவி ஆரம்பித்துவிட்டாள்.

“என்ன நெஞ்சழுத்தம்! வாங்கலைன்னு வாய் கூசாம சொல்லுதே! நீங்க பில்லைக் காட்டினதும்தானே வழிக்கு வந்துச்சு? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?”

“அவங்க ஒரு பொய்யும் சொல்லலை” என்றார் கடைக்காரர், படி இறங்கிக்கொண்டே.

“பின்னே?”

“கேமராவுல நல்லாப் பார்த்தேன். அவங்க கல்லாப் பக்கமே வரலை. அந்த பில்லை இன்னைக்குக் காலையிலதான் நான் எழுதினேன்.”