சுற்றிப்போட்ட எலுமிச்சம்பழம்

டெஸ்ட் கிரிக்கெட்டின் இரண்டாம் டிவிஷனுக்கு இந்தியா இறங்கியதற்கு அரசியின் மகன்தான் காரணம் என்று ஊரே திட்டியது. ஸ்லிப்பில் நின்ற இளம்பரிதி, கைக்குள் வந்து விழுந்த கேட்சைக் கோட்டைவிட்டான். மேட்சே போயிற்று.

"பாவம், எவன் கண்ணு பட்டுச்சோ!" என்று அரசி மட்டும் அவனுக்காகப் பரிந்து பேசினாள், துவைக்கிற துணி எடுக்க அவன் பெட்டியைத் திறக்கும்வரை.

உள்ளே கனத்த கம்பளி ஸ்வெட்டர்கள், விலைச்சீட்டுகூடப் பிய்க்காமல் கிடந்தன. வேலூர் வெயிலுக்கு இதெல்லாம் எதற்கு?

கீழே இறங்கிய அணியின் ஆட்டக்காரர்களுக்கு மேல் டிவிஷன் நாடுகள் குடியுரிமை கொடுத்து இழுத்துக்கொள்ளலாம் என்பது புது விதி. அப்படி ஒரு குளிர் நாடு நேற்றுதான் கூப்பிட்டதாகச் சொல்லியிருந்தான். ஆனால் மைதானத்திலிருந்து வந்தவன், ஏச்சுக்குப் பயந்து வாசற்படியே தாண்டவில்லை. அப்படியென்றால் ஸ்வெட்டர் எப்போது வாங்கியது?

அரசி பெட்டியை மூடிவிட்டு, ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்தாள்.

"வாடா, சுத்திப் போடறேன்."

அவன் போனைப் பார்த்தபடி நின்றான். எலுமிச்சம்பழத்தைத் தலையைச் சுற்றி எடுத்தவள், முச்சந்திக்குப் போகாமல் இரண்டடி பின்வாங்கி, அவன் இடது கணுக்காலைப் பார்த்து விசிறி எறிந்தாள்.

கண் போனில் இருக்க, கை மட்டும் தாழ்ந்து பழத்தைக் கவ்விக்கொண்டது.

"ஐயையோ, இதைத் தொடக் கூடாதேம்மா!" பதறி உதறினான்.

"தொடக் கூடாதுன்னு தெரிஞ்சும் கை தானா போச்சு. அன்னிக்கு மட்டும் ஏண்டா போகல?"