ரயிலைக் கழித்துவிட்டு

கடுகண்ணாவையைத் தாண்டி ரயில் மலையிறங்கத் தொடங்கியதும், மங்களேஸ்வரி தன் கைப்பையைக் கணவரின் மடியில் வைத்தாள். அவளுக்கு இரண்டு கைகளும் வேண்டியிருந்தன.

யோகேந்திரன் ஜன்னலோரம் இருந்தார். மடியில் ஒரு பை வந்ததைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பாரிசவாதம் வந்து எட்டு மாதங்கள். வலது கை போய்விட்டது. பேச்சும் போய்விட்டது.

அவருடைய இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். முதலாவது சுரங்கத்துக்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்தன.

பத்து மணிக்குக் கொழும்பு டொக்டர் அதே கேள்வியைக் கேட்பார். நீங்கள் சொல்வது அவருக்கு விளங்குகிறதா? ஒரு அடையாளமாவது உண்டா? போன மாதம் அவளிடம் பதில் இருக்கவில்லை. இந்த மாதமும் இல்லையென்றால் பேச்சுப் பயிற்சியை நிறுத்திவிடலாம் என்று அவர் மெதுவாகச் சொல்லியிருந்தார்.

எண்பத்தெட்டில் அவள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தட்டச்சாளர். அவருடைய கணித ஆய்வேட்டை அவள்தான் தட்டினாள். அதிபரவளைவுப் பரப்பு என்றால் எல்லா இடத்திலும் குதிரைச் சேணம் போல வளைந்தது என்பது வரைக்கும் அவளுக்கு விளங்கியது.

தட்டச்சுப் பொறியில் லாப்லாசியன் என்கிற கணிதக் குறிக்கான முக்கோணம் கிடையாது. அவள் ஒரு எழுத்துக்கு இடம் விட்டுத் தட்டுவாள். மாலையில் அவர் வந்து பேனையால் முக்கோணங்களை வரைவார்.

ஒவ்வொரு முக்கோணத்துக்கும் அநியாயத்துக்கு நேரம் எடுத்தார். காரணம் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவளைத் தவிர.

கல்யாணத்துக்குப் பிறகு மாதம் ஒருமுறை இதே ரயிலில் கொழும்புக்கு, வெள்ளவத்தை அக்கா வீட்டுக்குப் போவார்கள். சுரங்கம் வந்தால் பெட்டியிலுள்ள இளவட்டங்கள் ஹூ என்று கூவும். இந்தப் பாதையில் அது வழக்கம்.

கழுத்துப்பட்டி கட்டிய பல்கலைக்கழகக் கலாநிதி ஒருவர் எழுந்து நின்று கூவுவது வழக்கமில்லை.

யோகேந்திரன் கூவிவிட்டுச் சட்டென்று வாயை மூடுவார். ஒரு கையை உயர்த்தி, சத்தம் தேய்ந்து முடியும் வரை விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவார்.

"இந்த இரைச்சலுக்கை உங்களுக்கு என்னதான் கேக்குது?"

"ரயிலைக் கழிச்சுப்போட்டுக் கேளும், மங்களம்."

பிறகு விளக்கம் தொடங்கும். மூடிய பரப்பென்றால் எழுப்பிய சுரம் உள்ளேயே நிற்கும், என்றைக்கும். முடிவில்லாமல் விரிகிற வாய் இருந்தால் அது கசிந்து போய்விடும். ஆனால் ஒவ்வொரு பரிவுக்கும், அதாவது அப்படிக் கசிந்து தேயும் ஒவ்வொரு அதிர்வுக்கும், இரண்டு எண்கள் உண்டு. ஒன்று சுரம் எவ்வளவு உயரம் என்பது. மற்றது எவ்வளவு வேகமாக அது சாகிறது என்பது. போகிற விதத்திலேயே பரப்பின் வடிவம் இருக்கிறது என்பார். சனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவளுக்கு வெட்கத்தில் உயிர் போகும். முதல் ஹூவுக்கே கைப்பையை இருவருக்கும் நடுவில் ஆசனத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள். யாரோ முன்பின் தெரியாத மனிதர் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்பவர்கள் நினைக்கட்டும். வெளிச்சம் வந்த பிறகும் இரண்டு ஸ்டேஷன்களுக்குப் பையை எடுக்கமாட்டாள்.

இன்றைக்கு வேலைநாள். கந்தோருக்குப் போகிறவர்கள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள். எதிர் ஆசனத்துப் பெண் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். கூவக்கூடிய ஒருவரும் இல்லை.

எட்டு மாதமாக அவள் அவரோடு பேசும்போதெல்லாம் பதிலுக்கு இடம் விட்டுத்தான் பேசுகிறாள்.

இருட்டு வந்தது.

மங்களேஸ்வரி எழுந்திருக்கவில்லை. அவ்வளவு துணிவு இல்லை. அவருடைய கையை இறுகப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். முதலில் இருமல் மாதிரி ஒன்று வந்தது. அடுத்ததாக வந்த குரல் யாருடையது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஹூ.

வாயை மூடிக்கொண்டாள். பாறைச் சுவர் சத்தத்தை வாங்கி எங்கோ கொண்டுபோனது.

ஒரு விரல் மடங்கினால் போதும். ஒன்றே ஒன்று.

அவள் ரயிலைக் கழித்தாள். சக்கரங்களின் கிறீச்சிடலைக் கழித்தாள். தன் நெஞ்சு அடிப்பதைத்தான் கழிக்க முடியவில்லை. இருந்தாலும் முதன்முறையாக அது கேட்டது. மெல்லிய இழையாக, பின்னாலுள்ள சுரங்க வாயை நோக்கித் தேய்ந்துகொண்டே போனது.

விரல்கள் மடங்கவில்லை.

அவருடைய கை அவள் கைகளுக்குள்ளிருந்து மெல்ல நழுவியது. இருட்டில் அவள் தேடினாள். கிடைக்கவில்லை.

வெளிச்சம் வந்தபோது அவளுக்குக் கண் நிறைந்திருந்தது. தூங்கியவர்களில் பாதிப்பேர் விழித்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரே இருந்த பெண் பாட்டைக் கழற்றிவிட்டாள்.

விழுந்துபோன கையை எடுத்து வைக்கலாம் என்று மங்களேஸ்வரி திரும்பினாள்.

கை விழுந்திருக்கவில்லை. அவர் மடியில் பையும் இல்லை.

பை இருவருக்கும் நடுவில், ஆசனத்தில், நிமிர்ந்து நின்றது. இடது கையால் அதை அவள் பக்கமாக இன்னும் ஓர் அங்குலம் தள்ளிவிட்டு, அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். காது மட்டும்தான் தெரிந்தது.

"என்னாங்க ஆன்ட்டி, ஒடம்புக்கு முடியலையா?" என்றாள் எதிரே இருந்த பெண். "தனியாவா போறீங்க?"

மங்களேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஓம் பிள்ளை," என்றாள், ஜன்னலோரம் வரை கேட்கும்படி. "இவர் ஆரெண்டே எனக்குத் தெரியாது."

ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த தோள் ஒருமுறை குலுங்கியது.