கருவாடுன்னு ஒரு சிநேகிதன்

மஸ்கட்ல இருந்து சவரிமுத்து போன் போட்டா, மகள் ஜெனிட்டாகிட்ட "சாப்டியா? படிச்சியா?"ன்னுதான் கேப்பான். அவ ரெண்டுக்கும் "ம்"னு சொல்லிட்டு, போனை அம்மா கையில திணிச்சிட்டு டேப்ல கேம் ஆட ஓடிடுவா. அங்க யார் யாரோடயோ அவ கெக்கெக்கேன்னு சிரிக்கிறது இவனுக்கு வயித்தெரிச்சலா இருக்கும். "ஆன்லைன் கேமெல்லாம் ஆட விடலாமா வேணாமா, நீங்களே சொல்லுங்க"ன்னா பொண்டாட்டி அமலி. என்னதான் இருக்குன்னு பாக்க, கருவாடுன்னு பேர் வச்சு அவனும் அந்த கேமுக்குள்ள போனான். குரல் தெரிஞ்சிடும்னு டைப் பண்ணியே பேசினான். "டேய் கருவாடு, என் பின்னாடியே வாடா லூசு!"ன்னு கத்துவா ஜெனிட்டா. ஸ்கூல்ல தன்னை யாரும் சேத்துக்காததைக்கூட அவன்கிட்ட சொன்னா. அப்பாகிட்ட சொன்னதே இல்ல. ஒருநாள், "இருடா, எங்கப்பா கூப்பிடுற நேரம். ரெண்டே கேள்விதான், முடிச்சிட்டு வந்துடுறேன்"னா. சவரிமுத்து கேமை மூடிட்டு வீட்டுக்கு போன் போட்டான்.

"என்னங்க, முடிவு பண்ணிட்டீங்களா?"ன்னு கேட்டா அமலி.

"ஆடட்டும். ஆனா கருவாடுன்னு ஒருத்தன் இருக்கானாமே, அவன்கூட மட்டும் சேரக்கூடாதுன்னு சொல்லு."

அமலி சொன்னதும் பின்னாடி ஜெனிட்டா தேம்பித் தேம்பி அழ ஆரம்பிச்சா. சவரிமுத்து ஊர்ல இருந்து கிளம்பின அன்னிக்குக்கூட அவ அப்படி அழல.