ஷோரூம் வாசலில் தள்ளிய வண்டி

சரியாக மாலை ஆறு மணிக்கு, ஷோரூமில் கூட்டம் களைகட்டும் நேரத்தில், தையல்காரர் தன் எலெக்ட்ரிக் பைக்கை மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டு அந்த வாசலைக் கடந்தார். இது பதினெட்டாவது நாள்.

"என்னண்ணே, இங்க வாங்கின வண்டியா?" உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"ஆமா தம்பி. வாங்கி நாலு மாசம்தான் ஆகுது."

அட்வான்ஸ் கட்ட வந்த அந்த ஆசாமி, பர்ஸை மூடிக்கொண்டு நடையைக் கட்டினார்.

ஷோரூம் முதலாளி அலறியடித்து ஓடிவந்தார். "சார், புது பேட்டரியே போட்டுத் தர்றேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இந்தப் பக்கம் மட்டும் தள்ளிட்டு வராதீங்க!"

"அன்னிக்கு ரிப்பேர்னு வந்தப்ப என்ன சொன்னீங்க? வண்டியில குறை இல்ல, பின்னாடி உக்கார்ற உங்க சம்சாரம்தான் ஓவர்லோடுன்னு அவ முன்னாலயே சிரிச்சீங்களே! அத்தனை பேர் நடுவுல அழுதுட்டா சார் அவ."

"ஏதோ வாய் தவறிடுச்சு சார்..."

"பரவால்ல. வழி விடுங்க."

தள்ளினார். தெரு திரும்பியதும் நின்று நெற்றியைத் துடைத்தார். மருந்துக்கடை நிழலில் மனைவி காத்திருந்தாள்.

"இன்னிக்கு எத்தனை பேருங்க?"

"ஒருத்தர்தான். ஆனா அட்வான்ஸ் பார்ட்டி."

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவர் சாவியைத் திருகினார். தெருமுனை மெக்கானிக் மூன்று வாரத்துக்கு முன்பே ஒரு வயரை மாற்றிச் சரிசெய்துவிட்ட வண்டி, இருவரையும் சுமந்துகொண்டு அம்பாய்ப் பறந்தது.

"நாளைக்கு நான் தள்றேங்க," என்றாள் அவள். "பொம்பள தள்ளினா ஊரே நின்னு பாக்கும்."