கலங்கல் தண்ணீரில் ஒரு கெண்டை

என் மூத்த மகளுக்குப் பிரசவ வலி கண்ட அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்லக்கனி அக்கா இதைச் சொன்னாங்க.

புதுத்தண்ணீர் வந்த ஓடையில், வயிறு நிறைய முட்டையோடு ஒரு கெண்டை எதிர்த்து நீந்திக்கொண்டிருந்தது. மேலே சரளைக்கல் கிடக்கும் இடத்துக்குப் போனால்தான் முட்டையிட முடியும். தண்ணீரோ ஒரே கலங்கல். கரை தெரியவில்லை. பக்கத்துப் பாறையில் ஒட்டியிருந்த நத்தை மட்டும்தான் தெரிந்தது. வெகுநேரம் நீந்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் அதே நத்தை.

“காலையிலேருந்து நீந்துறேன் தங்கச்சி. இன்னும் உன் பக்கத்திலேயே கிடக்கேனே” என்று கெண்டை அழுதது.

“நான் நிக்கிறேன்னு யாரு சொன்னா? நானும் மேலேதான் ஊர்ந்துக்கிட்டிருக்கேன். நீ அப்படியே இருக்கியேன்னு பார்த்து, நானும் நகரலை போலன்னு பயந்துட்டேன்.”

“அப்போ நாம ஏறிட்டோமா, இல்லையா?”

“எனக்கும் புரியலையே அக்கா.”

குழப்பம் தீராமலே இரண்டும் இன்னும் கொஞ்சம் ஏறின. கெண்டையின் வயிற்றில் கரகரவென்று ஏதோ உரசியது.

“தங்கச்சி, இது என்னடி?”

அக்கா கதையை முடிப்பதற்குள் பிரசவ அறையிலிருந்து எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். இன்று விளக்கேற்றும்போது அந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.