வயதுக் கணக்கு

"நாப்பத்தொரு வயசுல இவளுக்கு இது தேவையா டாக்டர்? பேசாம கலைச்சு விட்டுடுங்க" என்றாள் ராக்கம்மாள்.

டாக்டர் ஜாஸ்லின், அவளுடைய மருமகள் அகிலாவைப் பார்த்துப் பேசினார்.

"ஸ்கேன்ல குறையா எதுவும் தெரியலைம்மா. குழந்தையோட கழுத்துக்குப் பின்னால நீர் அளவு சரியா இருக்கு. மூக்கு எலும்பும் தெரியுது. ஆனா ஸ்கேன், ரத்த டெஸ்ட், உங்க வயசு எல்லாத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவோம். வயசு கூடக்கூட, டவுன் சிண்ட்ரோம் மாதிரி குறைபாட்டுக்கு வாய்ப்பும் கூடும். உங்க கணக்கு, பயப்பட வேண்டாத எல்லையைக் கொஞ்சம் தாண்டுது."

"நான்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேனே. காலேஜ்ல படிக்கிற மகளை வெச்சுக்கிட்டு வயித்தைத் தள்ளிக்கிட்டு நடந்தா, மேலூர்ல நாலு பேர் சிரிக்க மாட்டாங்க?"

"யாழினியே சிரிச்சாளே அத்தை. விஷயம் தெரிஞ்சதும் துவாக்குடி காலேஜ்லேருந்து பஸ் ஏறி வந்து, என் வயித்தைத் தொட்டுப் பார்த்துட்டு அப்படிச் சிரிச்சா."

சுவரோரம் நின்றிருந்த கணவன் ரெங்கராஜ் குனிந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான். அம்மா பேசும்போது அவன் எப்போதும் அப்படித்தான்.

"எப்படிப் பொறந்தாலும் அது என் பிள்ளை. கலைக்க மாட்டேன்" என்றாள் அகிலா. "இப்ப என்ன செய்யணும் டாக்டர்?"

"நாலாவது மாசம் வயித்துல ஊசி போட்டு, கொஞ்சம் பனிக்குட நீர் எடுத்துப் பார்த்தா உறுதியாத் தெரிஞ்சிடும். ஆனா அபூர்வமா அந்த ஊசியால கரு கலையறதும் உண்டு. வேணுமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்."

"போடுங்க டாக்டர். கலைஞ்சா நல்லதாப் போச்சு" என்றாள் ராக்கம்மாள்.

அகிலா மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். ராக்கம்மாள் அவளுடைய அப்பாவின் கூடப் பிறந்த அக்கா. அவள் முன்னால் அகிலா இதுவரை குரலை உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

"டாக்டர், எனக்கு வயசு கம்மியா இருந்தா இந்த ஊசி தேவைப்பட்டிருக்காதா?"

"உங்க ஸ்கேனுக்குத் தேவைப்பட்டிருக்காது. ஆனா ஆதார்ல இருக்கிறதை வெச்சுத்தானேம்மா நாங்க கணக்குப் போட முடியும்?"

"ஆதார்ல இருக்கிறது தப்பு. எனக்கு முப்பத்தாறுதான்."

"ஏய், வாயை மூடுடி" என்று ராக்கம்மாள் பதறி எழுந்தாள்.

"எட்டாவது படிச்சுக்கிட்டிருந்தவளை உங்க மகனுக்குக் கட்டி வைக்க, பதினெட்டு வயசுன்னு பொய்யா சர்டிபிகேட் வாங்கினது நீங்கதானே அத்தை? அன்னைக்கு என் தலையில ஏத்தின அஞ்சு வருஷத்தை, இப்ப டாக்டர்கிட்ட உங்க வாயாலயே கழிச்சுச் சொல்லுங்க."